மூன்றாவது சீட்டு

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இப்போது அந்த அலுவலகத்தில் வேலையில் இல்லை. இருக்கிற எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் பெரிய அகராதி ஒன்றை முப்பத்தொரு வருடமாகத் தயாரித்துக்கொண்டிருக்கும் இடம் அது. ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில் மூன்று அறைகள். கீழே போல்ட்டு கழற்றும் இயந்திரம் ஓடினால் மேலே ஜன்னல் கண்ணாடி நடுங்கும். புதிதாக வருகிறவர்கள் இரண்டு வாரம் ரப்பர் நாற்றம் என்று மூக்கைப் பிடிப்பார்கள். அப்புறம் அவர்கள் சட்டையிலும் அதே நாற்றம் அடிக்கும், அந்தப் பேச்சை விட்டுவிடுவார்கள்.

சீட்டு என்பது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கெட்டி அட்டை. மேலே ஒரு சொல். அதன் கீழே அந்தச் சொல் வந்த வாக்கியம், புத்தகத்தின் பெயர், பக்கம், வருடம். அடியில் அதைக் கண்டுபிடித்து எழுதியவரின் முதலெழுத்து. இப்படி வந்து சேரும் சீட்டுகளைச் சரிபார்த்து, அகரவரிசைப்படி தொண்ணூற்றாறு இரும்பு இழுப்பறைகளில் போடுவதுதான் பத்தொன்பது வருடமாக அவள் வேலை. ஐந்தாவது எழுத்து வரைக்கும் வரிசை பிசகாமல் அவள் விரல் தானாகவே போகும். வீட்டில் மளிகைச் சாமான் டப்பாக்களையும் அப்படித்தான் அடுக்கி வைத்திருப்பாள் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மைதான்.

அங்கே இரண்டு வழக்கங்கள். ஒரு சொல் அகராதிக்குள் போக வேண்டுமானால் மூன்று சீட்டு வேண்டும், மூன்றும் வேறு வேறு ஆட்கள் எழுதியதிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். இரண்டே சீட்டு இருந்தால் அந்தச் சொல் காத்திருப்பு இழுப்பறைக்குப் போகும். சில சொற்கள் அங்கே இருபது வருடமாக உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாவது வழக்கம், மூன்றாவது சீட்டைக் கொண்டுவருகிறவருக்குத்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதும் உரிமை. அச்சாகும்போது பதிவின் அடியில், எறும்பு அளவுக்கு, அவருடைய முதலெழுத்து இருக்கும்.

மெய்ப்புத் திருத்துகிற இளைஞனுக்கு அப்படி நாற்பத்தொரு சொல். எழுதுகிற எல்லாவற்றிலும் தேவையில்லாத இடத்திலெல்லாம் காற்புள்ளி போடுவதால் அவனுக்குக் கமா என்று பெயர். தண்ணீர் கேன் போடுகிறவருக்குக்கூட ஒரு சொல் இருந்தது. ஏதோ பொருள் சுற்றி வந்த பழைய ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு கப்பல் சொல்லைப் பார்த்துவிட்டு, இது உங்ககிட்ட இருக்கா என்று கேட்டார். இருந்தது, இரண்டு சீட்டாக. அவர் கொண்டுவந்தது மூன்றாவது. கமா பக்கத்தில் உட்கார்ந்து உதவ, பொருள் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார்.

சீட்டக்காவுக்கு ஒன்றும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் மூன்று தடவை மூன்றாவது சீட்டைக் கண்டுபிடித்தாள். மூன்று தடவையும் இழுப்பறையைத் திறந்தால், யாரோ முந்தைய வாரமே கொடுத்துவிட்டிருந்தார்கள். வந்து குவியும் சீட்டுகளோடு அதையும் வாங்கி, கவனிக்காமலே உள்ளே வைத்தவளும் அவள்தான். உங்களுக்கு ராசியே இல்லக்கா என்று கமா சொல்லும்போது அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து, ராசியா, இல்லை தனக்கு அவ்வளவுதான் சரக்கா என்று யோசிப்பாள். அவள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தை அகராதியை மனப்பாடம் பண்ணித்தான் கரையேறினாள். அகராதி செய்கிற இடத்திலேயே வேலை கிடைத்தபோது வீட்டில் யாருக்கும் அது என்ன வேலை என்று புரியவில்லை. அவள் அப்பா மரக்கிடங்கில் மரம் அளக்கிறவர், இறந்து ஆறு வருடம் ஆகிறது. எங்க பொண்ணு ஆபீஸ்ல சொல்லை அளக்குறா என்று கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

N என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொற்களின் தொகுதி அச்சுக்குப் போக ஒன்றேகால் வருடம் இருந்தபோதுதான் நெமோரல் என்ற சொல் அவளைப் பிடித்துக்கொண்டது. காத்திருப்பு இழுப்பறையில் அதற்கு இரண்டு சீட்டு இருந்தன. ஒன்று நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய பயணப் புத்தகத்திலிருந்து, இன்னொன்று யாரோ ஒரு பாதிரியாரின் நாட்குறிப்பிலிருந்து. இரண்டிலும் மரங்கள் உள்ள இடத்தைப் பற்றிய பேச்சு. அவ்வளவுதான் தெரிந்தது. அவள் லத்தீன் அகராதியை எடுத்தாள்.

லத்தீனில் காட்டுக்குச் சொல் ஒன்றல்ல. பொதுவாகக் காட்டுக்குச் சில்வா. அதிலிருந்து வந்த சில்வன் என்ற சொல்லை ஆங்கிலக் கவிதை படித்த பலரும் பார்த்திருப்பார்கள். இன்னொன்று நெமுஸ். அதுவும் மரங்கள் உள்ள இடம்தான், ஆனால் உள்ளே திறந்த வெளி இருக்கும், புல் இருக்கும், கால்நடை மேயும். நெமோரல் வந்தது இந்த நெமுஸிலிருந்து. ஏறத்தாழ முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, ஓரமாகவே நின்றுவிட்ட சொல். கிரேக்கத்தில் அதற்கு ஒரு பங்காளிச் சொல்லும் இருக்கிறது, நெமோஸ். அதுவும் மரம் சூழ்ந்த மேய்ச்சல் வெளிதான். பங்கிட்டுக் கொடுப்பது, மேய்ப்பது என்ற பொருள் கொண்ட வினையோடு அதற்கு உறவு இருக்கலாம் என்று எழுதியிருந்தது.

இதைப் படித்த அன்று அவள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டாள். இந்த மாதிரி இடத்தை அவளுக்குத் தெரியும். பார்த்ததில்லை, கேட்டிருக்கிறாள். மரம் பார்க்க அப்பாவைக் காட்டுக்குக் கூட்டிப்போவார்கள். திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டே சொல்வார்: "சில காடு நம்மள உள்ளேயே விடாது. சில காட்டுல மரத்துக்கு மரம் இடம் விட்டு நிக்கும். வெயில் தரைவரைக்கும் இறங்கும், மாடு பாட்டுக்கு மேயும்." இரண்டுக்கும் தமிழில் அவர் ஒரே சொல்லைத்தான் சொன்னார். லத்தீன்காரன் இரண்டு சொல் வைத்திருந்தான் என்பது அவளுக்கு ஏனோ பெரிய விஷயமாகப் பட்டது.

நான்கு மாதம் தேடினாள். நூலகத்தில் அவள் புரட்டாத பழைய புத்தகம் இல்லை என்கிற அளவுக்குப் புரட்டினாள். மூன்றாவது சீட்டு கிடைக்கவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், மற்றவர்கள் பக்கத்து அறையில் கூட்டத்தில் இருந்தபோது, ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தாள். அப்பா சொன்னதை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமாக எழுதினாள். அந்தக் காடு நெமோரல் ஆனது, மரங்கள் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நின்றன, வெயில் தரைவரை இறங்கியது. மூலம் என்ற இடத்தில், தனிக் கடிதம், ஓய்வுபெற்ற வன அளவையாளர் ஒருவர் எழுதியது என்று போட்டாள். அப்படி ஒரு அளவையாளரும் இல்லை, கடிதமும் இல்லை.

தனிக் கடிதத்திலிருந்து சீட்டு எடுக்கலாம், அதற்கு விதி உண்டு. மூலக் கடிதத்தை மூலையில் இருக்கும் இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். பதினொரு வருடமாக யாரும் அந்தப் பெட்டியைத் திறந்ததில்லை. சாவி யாரிடம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. சாவி அவளிடம்தான் இருந்தது. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் சீட்டை வாங்கிய கையோடு கடிதம் எங்கே என்று கேட்டிருப்பாள்.

பொருளைப் பதினொரு தடவை எழுதிப் பார்த்தாள். காடு என்று போட்டால் எல்லாக் காடும் வந்துவிடும். வனம் என்றாலும் அதே கதை. தோப்பு என்றால் யாரோ நட்டு வளர்த்தது. சோலை கிட்டே வந்தது, ஆனால் சோலை என்றதும் எல்லோருக்கும் நிழல்தான் ஞாபகம் வரும், வெயில் இறங்காது. கடைசியில், இடையிடையே வெளியும் புல்லும் உள்ள மரச்சோலை சார்ந்த என்று எழுதி, சொல் பிறந்த கதையை நான்கு வரியில் சுருக்கி, அந்த அளவையாளர் வாக்கியத்தை எடுத்துக்காட்டாகப் போட்டு, அடியில் முதல் முறையாகத் தன் முதலெழுத்தை எழுதினாள். பேனா மை காய்கிறவரை தாளை மடிக்காமல் வைத்திருந்தாள்.

தலைமை ஆசிரியர் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் மேடம். படிக்க ஒரு கண்ணாடி, ஆட்களைப் பார்க்க ஒரு கண்ணாடி, இரண்டும் கழுத்தில் தொங்கும். யாரையும் திட்ட மாட்டார், புகழவும் மாட்டார். ஒரு பதிவு சரியாக இருந்தால் அது திரும்பி வராது, அவ்வளவுதான் பாராட்டு. அந்தப் பதிவு திரும்பி வந்தது, மேடமே எடுத்துக்கொண்டு வந்தார். எடுத்துக்காட்டு வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். அகராதியின் வேலையைப் பற்றி வெளியாட்களுக்குக் காட்ட அடுத்த மாதம் ஒரு கண்காட்சி வைக்கப் போவதாகவும், ஒரு சொல் எப்படி அகராதிக்குள் வருகிறது என்பதற்கு இந்த நெமோரலையே வைக்கலாம் என்றும் சொன்னார்.

"மூணு சீட்டையும் கண்ணாடிக்குள்ள வைப்போம். பக்கத்துல அந்தக் கடிதத்தையும் வைக்கணும். வியாழக்கிழமை எடுத்துக் குடும்மா."

சரி மேடம் என்று அவள் வாய் சொல்லிவிட்டது.

அன்று திங்கள். செவ்வாய் முழுவதும் அவள் ஒரே இழுப்பறையை நான்கு தடவை திறந்து மூடினாள். கமா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மாலையில் படிக்கட்டில் நிறுத்தி என்னவென்று கேட்டான். சொல்லக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் படிக்கட்டின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே யோசித்தான். பிறகு அவனுக்கு யோசனைகளாக வந்து கொட்டின. கடிதத்தைக் கரையான் தின்றுவிட்டது என்று சொல்லலாம். கரையான் இரும்புப் பெட்டிக்குள் எப்படிப் போகும் என்று அவனே கேட்டு அவனே அதைத் தள்ளினான். பழைய தாள் தன்னிடம் இருக்கிறது, தேநீர் தெளித்துக் காயவைத்தால் இன்னும் பழசாகும் என்றான்.

"கையெழுத்து உங்களுது மாதிரி இருக்கக்கூடாது, அவ்வளவுதான். நான் எழுதித் தரேன்க்கா."

"நீ எழுதினா வரிக்கு நாலு கமா இருக்கும். மேடம் கண்ணாடியே போடாம கண்டுபிடிச்சுடுவாங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றது. அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. ஒரு பொய்க்கு இன்னொரு ஆள் இப்போதே தயாராக நிற்கிறான்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். புதன்கிழமை அவருக்கு விடுமுறை. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் உட்கார்ந்து ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, இந்த மாதிரி ஆகிவிட்டது என்று சொன்னாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, அகராதியும் தெரியாது. ஒரு திருகைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுல யாருக்காவது அடி பட்டுதா?"

"சொல்லுக்கு என்ன அடி?"

"அப்ப சொல்லிடு. எங்க வேலையில தப்பு செஞ்சவன் மாட்டுறதுக்கு முன்னாடியே யாராவது லிஃப்ட்டோட விழுந்திருப்பான்."

அவர் மறுபடி மோட்டாரைப் பார்க்கத் திரும்பிவிட்டார். ஆறுதலாக இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவள் ஒரு நிமிடம் நின்றாள். அவர் அடுத்த திருகை எடுத்தார். பேருந்தில் போகும்போது, வேலை போனால் என்ன செய்வது என்பதைவிட வேறொன்று அவளை அரித்தது. சொல்லிவிட்டால் அந்தப் பதிவு போய்விடும். பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒரு பதிவு. சொல்லாமல் இருந்தால் அது அச்சில் இருக்கும், அவள் போன பிறகும் இருக்கும். அதைத் திறந்து பார்க்கிற ஒருவருக்கும் சந்தேகம் வராது. வாக்கியம் நல்ல வாக்கியம், அதில் சொன்ன விஷயமும் பொய்யல்ல. எழுதிய ஆள்தான் பொய். அது அவ்வளவு பெரிய தப்பா என்று தன்னையே கேட்டாள். வேறு யாராவது கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மேடம் வந்து பையை வைக்கும்முன்பே அவர் அறைக்குள் போய்விட்டாள்.

"மேடம், அந்தக் கடிதம் இல்ல."

"தொலைஞ்சுடுச்சா?"

"இல்ல. எப்பவுமே இல்ல. அந்த வாக்கியம் நான் எழுதினது."

மேடம் கழுத்தில் தொங்கிய இரண்டில், ஆட்களைப் பார்க்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்பார் என்று எதிர்பார்த்து அவள் பதில் தயாராக வைத்திருந்தாள், அப்பா, மரக்கிடங்கு, எல்லாம். மேடம் அதைக் கேட்கவில்லை.

"உன் கையெழுத்துல மொத்தம் எத்தனை சீட்டு இருக்கு?"

அவளுக்கு அந்த எண் தெரியும். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு. கிழிந்து வந்தவை, வெளியூரிலிருந்து ஆட்கள் போனில் படித்துச் சொல்லி அவள் எழுதிக்கொண்டவை, பழுத்துப்போனதைப் படியெடுத்தவை. அந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் மேடம் எதைக் கேட்கிறார் என்பது அவளுக்கு உறைத்தது. சொல்லுக்கு என்ன அடி என்று காலையில் கேட்டிருந்தாள். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினான்கு சொல்லுக்கு அடி. ஒன்று பொய் என்றால், அவள் கை பட்ட எதையும் இனி கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

வேலை போகவில்லை. அது கருணை அல்ல, அந்தச் சீட்டுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. ஒவ்வொன்றையும் மூலப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, இன்னொருவர் கையெழுத்து வாங்க வேண்டும். அது முடிகிறவரை அவள் புதுச் சீட்டு எழுதக்கூடாது. மற்றவர்கள் எழுதும் பதிவுகளைச் சரிபார்க்கும் வேலை மட்டும் பழையபடி. பெட்டிச் சாவியை மேடம் வாங்கிக்கொண்டார். நெமோரல் பதிவின் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அவளுடைய சீட்டை எடுத்துவிட்டதும் மிச்சம் இரண்டு, சொல் காத்திருப்பு இழுப்பறைக்குத் திரும்பிப் போனது. கொண்டுபோய் வைத்தவள் அவள்தான். கண்காட்சியில் தண்ணீர் கேன்காரரின் கப்பல் சொல்லை வைத்தார்கள். அவர் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்.

அலுவலகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சீட்டைக் கொடுக்கும்போது, புத்தகம் மேசை மேல இருக்குக்கா, வேணும்னா பார்த்துக்கோங்க என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் அப்படிச் சொன்னதில்லை.

தினமும் காலையில் அலுவலகம், மதியத்துக்கு மேல் நூலகம். பழைய புத்தகப் பகுதி நிலவறையில் இருந்தது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று மூலையில் உறுமிக்கொண்டே இருக்கும். நாளுக்குப் பத்து, நல்ல நாளில் பதினைந்து சீட்டு. முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு புத்தகத்தைத் திறக்கும்போதும் பயந்தாள், தெரியாமல் வேறு ஏதாவது தப்பு செய்திருப்பேனோ என்று. மூன்று இடத்தில் பக்க எண் பிசகியிருந்தது, ஓரிடத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருந்தது. வேறொன்றும் இல்லை. அதில் அவளுக்குப் பெருமை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. இவ்வளவு ஒழுங்காக வேலை செய்தவள் அந்த ஒன்றை ஏன் செய்தாள் என்ற கேள்விதான் இன்னும் கூராயிற்று.

எட்டாவது மாதம். வேறொரு சொல்லுக்காகத் தாவரங்களின் பரவலைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது, வரைபடம் போட்டிருந்த பக்கத்தின் அடியில் நெமோரல் இருந்தது. அவள் அதைத் தேடவில்லை, அது பாட்டுக்கு இருந்தது. புத்தகத்தை மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். அங்கேயேதான் இருந்தது.

தொகுதி அச்சுக்குப் போக ஐந்து வாரம். அவளிடம் இன்னும் நானூற்றுச் சொச்சம் சீட்டு பாக்கி, குறைந்தது ஏழு வாரம் ஆகும். அதுவரை அவள் சீட்டு எழுத முடியாது. இந்தத் தொகுதியை விட்டால் அடுத்த பதிப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. மேடத்திடம் போய் விலக்குக் கேட்கலாம். கேட்டால் கொடுக்கக்கூடும். ஆனால் அந்த ஒரே சொல்லுக்கு அவளே மூன்றாவது சீட்டோடு போய் நின்றால், இது எங்கிருந்து முளைத்தது என்ற பார்வையைத் தாங்க வேண்டும். படம் எடுத்துக் காட்டினாலும் அந்தப் பார்வை ஒரு கணம் இருக்கும். காத்திருந்தால் சொல் தவறிப்போகும். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் ஒரு துண்டுத் தாளில் புத்தகத்தின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதிக் கமாவின் மேசையில் வைத்தாள்.

அவன் நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நின்றான்.

"அக்கா, இது உங்களுது. நான் எப்படிப் போடறது?"

"நீ போய்ப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப நீ போடு."

அவன் போட்டான். உரிமை அவனுக்கு வந்தது. மறுநாள் எழுதிக்கொண்டுவந்த பொருள் ஒரே வரி, காடு சார்ந்த. சரிபார்க்கிறவள் என்ற முறையில் அவள் அதன் மேல் ஒரு கேள்வித் தாளைக் குத்தினாள். எந்தக் காடு? என்று எழுதியிருந்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். சிவப்புக் கோடு போட்ட பழைய பதிவை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று தயங்கிக் கேட்டான். அதைவிட நன்றாகத் தன்னால் எழுத வராது என்றான்.

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. முதலெழுத்து யாருடையதாக இருந்தால் என்ன, வாக்கியம் தன்னுடையதாக இருக்கும்.

"வேண்டாம். அது அந்தப் பொய்ச் சீட்டுக்கு எழுதினது. நீ மூணு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படி. அதுக்கு அப்புறம் எழுது."

மாலை நான்கு மணி ஆயிற்று அவனுக்கு. அன்று அவள் நூலகத்துக்குப் போகாமல் காத்திருந்தாள். இந்தத் தடவை கொண்டுவந்ததில் இரண்டு பொருள் இருந்தன. முதலாவது, உள்ளே வெட்டவெளி கொண்ட மரச்சோலை சார்ந்த. அது அவளுடையதைப்போல ஓடவில்லை, முட்டி மோதித்தான் நின்றது, ஆனால் சரி. இரண்டாவது, தாவரவியலில், குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் அகன்ற இலை மரங்கள் மிகுந்த மிதவெப்ப மண்டலம் சார்ந்த. அந்தப் பொருள் அவளுடைய பதினொரு தாளில் எதிலும் இல்லை. புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அவளே பார்த்திருந்தாள், ஆனால் சொல் கிடைத்துவிட்ட பரபரப்பில் சொல்லை மட்டும்தான் பார்த்தாள். அவள் எழுதிய பொய்ச் சீட்டு அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொன்னது. அதை வைத்து அச்சிட்டிருந்தால் சொல் பாதியோடு நின்றிருக்கும். பார்க்கிற யாருக்கும் குறை தெரிந்திருக்காது.

இரண்டாவது பொருளை இன்னொரு முறை படித்தாள். கமா எதிரில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியா இருக்கா அக்கா?"

"மிதவெப்பத்துக்கு, அந்தச் சொல்லையும் பார்க்கன்னு ஒரு குறுக்குக் குறிப்பு போடணும். மத்தது சரி."

ஓரத்தில் தேதி போட்டு, சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்து வைத்தாள். அச்சில் அந்தக் கையெழுத்து வராது. தாளை அவனிடம் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். நிலவறையை ஐந்தரைக்குப் பூட்டிவிடுவார்கள். வேகமாக நடந்தால் இன்றைக்கு மூன்று சீட்டாவது பார்த்துவிடலாம்.